75 அங்குல ஸ்மார்ட் போர்டு: நம் ஆர்.சி. பள்ளி வகுப்பறைக்கு ஏற்றதா?

ஸ்மார்ட் போர்டு வாங்கப் போகும் பள்ளி செய்ய வேண்டிய முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. போர்டில் 'க' என்றும் அதன் பக்கத்தில் 'க்' என்றும் எழுதி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். புள்ளி தெரிந்தால் அந்த அறைக்கு அந்த அளவு போதும். தெரியாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அது வெறும் டி.வி. விற்க வருபவர்கள் பெரும்பாலும் துடிக்கும் இதயத்தையும் சுழலும் பூமியையும்தான் போட்டுக் காட்டுவார்கள். அவை எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் நன்றாகத்தான் தெரியும். தமிழ்ப் பாடம் நடத்த வேண்டிய அறையில் தெரிய வேண்டியது புள்ளி.

இங்கே எந்தக் கம்பெனியையும் மதிப்பிடவில்லை. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிகளுக்கு, அதாவது பழைய வட ஆர்க்காட்டுக்கு, விலைப்புள்ளியாக வந்து சேரும் ஒரு ரகத்தைப் பற்றித்தான் பேச்சு: 75 அங்குலம், 4கே திரை, சட்டத்தில் அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் டச், உள்ளே ஆண்ட்ராய்டு, பின்பக்கம் ஓ.பி.எஸ். என்னும் விண்டோஸ் கம்ப்யூட்டர் பெட்டியைச் செருக இடம். சேத்துப்பட்டு, போளூர், ஆரணி பக்கத்துக் கிராமத்து ஆர்.சி.எம். (ரோமன் கத்தோலிக்க மிஷன்) தொடக்கப் பள்ளியில் இருந்து காட்பாடி, திருப்பத்தூர் மேல்நிலைப் பள்ளி வரை, நம் பள்ளிகளின் கட்டடத்துக்கும் மின்சாரத்துக்கும் நிர்வாகத்துக்கும் தனிக் குணம் உண்டு. அந்தக் குணத்தை வைத்துத்தான் இதை எடைபோட வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பொருள் நல்ல பொருள், வாங்கலாம். ஆனால் இரண்டு போர்டுக்குப் பணம் இருந்தால் ஒன்றை மட்டும் வாங்குங்கள். மீதிப் பணத்தை அந்த ஒரு அறையின் சுவருக்கும் எர்த்துக்கும் யு.பி.எஸ்.ஸுக்கும், அங்கே பாடம் எடுக்கப் போகிற டீச்சர்களுக்கும் செலவு செய்யுங்கள். காரணங்களைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

அளவும் அறையும்

போர்டு அளவாகச் சொல்வது மூலைவிட்டத்தை. வாசிப்பதற்குக் கணக்கில் வருவது உயரம். 65 அங்குலத் திரையின் உயரம் 81 சென்டிமீட்டர், 75 அங்குலத்துக்கு 93, 86 அங்குலத்துக்கு 107. எழுத்தைப் படிக்க வேண்டிய பாடத்துக்கு, கடைசிப் பிள்ளை திரை உயரத்தைப் போல ஆறு மடங்கு தூரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. அப்படிப் பார்த்தால் 65க்கு 4.9 மீட்டர், 75க்கு 5.6, 86க்கு 6.4. நம் பள்ளிகளில் வழக்கமான இருபதுக்கு இருபது அடி அறையின் நீளம் 6.1 மீட்டர். பின் சுவருக்கும் கடைசி பெஞ்சுக்கும் இடையே அரை மீட்டர் விட்டால் 75 அங்குலம் சரியாகப் பொருந்துகிறது. 65 பொருந்தாது. விலை குறைவு என்று 65க்கு இறங்கினால் கடைசி இரண்டு வரிசையைக் கைவிட்டதாகத்தான் பொருள்.

அறை இருபத்தைந்து அடி நீளமாக இருந்தால் 86 அங்குலம்கூட எட்டாது. அதற்குச் செலவில்லாத ஒரு வழி உண்டு. அறையைத் திருப்பிப் போடுங்கள். போர்டை நீளச் சுவரில் மாட்டி, பெஞ்சுகளை அதைப் பார்த்துப் போட்டால் தூரம் மறுபடி இருபது அடிக்குள் வந்துவிடும். ஓரத்தில் இருப்பவர்களுக்குக் கோணம் கொஞ்சம் சாயும். ஆனால் இந்த வகைத் திரைகள் பக்கவாட்டில் இருந்தும் நன்றாகத் தெரியும். தொலைவைவிட சாய்வே மேல்.

பெரும்பாலான வகுப்புகளில் நடக்கும் தப்பு ஒன்று. பாடநூல் பி.டி.எப்.பைத் திறந்து, பக்கம் முழுவதும் தெரியும்படி வைத்துவிட்டு நடத்துவது. 27 சென்டிமீட்டர் உயரப் பக்கத்தை 93 சென்டிமீட்டர் திரையில் நிரப்பினால் எழுத்து சுமார் மூன்றரை மடங்குதான் பெரிதாகும். புத்தகத்தில் 3.5 மில்லிமீட்டர் உள்ள எழுத்து திரையில் 12 மில்லிமீட்டர். தூரத்தை 200ஆல் வகுத்தால் வருவது வசதியாக வாசிக்கத் தேவையான எழுத்து உயரம். 5.6 மீட்டருக்கு 28 மில்லிமீட்டர் வேண்டும். ஆகவே இரண்டரை மடங்கு பெரிதாக்கி, ஒரு நேரத்தில் ஒரு பத்தி, ஒரு படம் என்று காட்டுங்கள். முழுப் பக்கமும் தெரியட்டும் என்று விட்டால் முதல் இரண்டு பெஞ்சுதான் படிக்கும்.

மாட்டும் உயரமும் முக்கியம். ஐந்தாம் வகுப்பு வரை திரையின் கீழ் விளிம்பு தரையில் இருந்து 75 சென்டிமீட்டரில் இருக்கட்டும், பிள்ளைகளின் கை எட்டும். எட்டாம் வகுப்புக்கு மேல் 95 முதல் 100. அதற்கும் மேலே ஏற்றினால் டீச்சருக்கே மேல்வரி எட்டாது, ஸ்டூல் தேட வேண்டி வரும்.

இனி சுவர். மிஷன் காலத்துக் கட்டடங்கள் பல செங்கலும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியவை. பருமன் அதிகம், பிடிமானம் குறைவு. 75 அங்குல போர்டும் அதன் பிராக்கெட்டும் சேர்ந்து ஐம்பது கிலோவைச் சுற்றி வரும். கான்கிரீட்டுக்கு அடிக்கும் விரியும் போல்ட்டை சுண்ணாம்புச் சுவரில் அடித்தால் அன்றைக்கு நிற்கும். பிள்ளைகள் அழுத்தி அழுத்தி எழுத எழுத ஆறு மாதத்தில் துளை பெரிதாகி ஆடத் தொடங்கும். டிரில் போடும்போதே தெரிந்துவிடும். பிட் தடையில்லாமல் உள்ளே போய் வெள்ளைத் தூளாகக் கொட்டினால் அங்கே அந்த போல்ட் வேண்டாம். சுவரின் மறுபக்கம் வரை துளைத்து, பின்னால் இரும்புத் தகடு வைத்து நட்டு போட்டு முடுக்குங்கள். அதற்கு வழியில்லை என்றால் தரையில் நிற்கும் ஸ்டாண்டு வாங்குங்கள். ஸ்டாண்டு மேல்பாரம் கொண்டது. ஒரே அறையில்தான் நிற்கும் என்றால் அதைச் சுவரோடு ஒரு பட்டையால் கட்டுங்கள். அறைக்கு அறை தள்ளுவதாக இருந்தால் பெரியவர்கள் இருவர் இல்லாமல் நகர்த்தக் கூடாது. நிலைவாசல் மேடுதான் கவிழும் இடம்.

சுண்ணக்கட்டித் தூள்

இந்தப் பொருளின் பெரிய எதிரி சாக்பீஸ். ஏன் என்பது புரிந்தால் பராமரிப்பும் தானாகவே பிடிபடும்.

ஐ.ஆர்., அதாவது அகச்சிவப்பு, டச் போர்டில் கண்ணாடிக்குத் தொடு உணர்வு கிடையாது. திரையைச் சுற்றியுள்ள சட்டத்தின் உள்விளிம்பில், ஒரு பக்கம் அகச்சிவப்பு விளக்குகளும் எதிர்ப்பக்கம் அதை வாங்கும் உணரிகளும் வரிசையாக இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் திரைக்கு மேலே குறுக்கும் நெடுக்கும் வலை பின்னியிருக்கின்றன. விரல் அந்த வலையை எங்கே மறைக்கிறதோ அங்கே கோடு விழுகிறது. விரலுக்குப் பதில் தூள் மறைத்தாலும் போர்டுக்கு வித்தியாசம் தெரியாது. கீழ்ச் சட்டத்தின் உள்பள்ளத்தில் சாக்பீஸ் தூள் படிந்தால் ஒரு பட்டையில் எழுத்து விழாது, அல்லது யாரும் தொடாமலே கோடு ஓடும். டீச்சர் அதை 'போர்டு பேய் பிடிச்ச மாதிரி பண்ணுது' என்பார். சர்வீசுக்குப் போன் போவதற்கு முன் ஒரு உலர்ந்த மென்துணியால், சட்டத்தின் உள்விளிம்பை நான்கு பக்கமும் ஒரே திசையில் துடையுங்கள். கீழ்ப் பக்கத்தை இரண்டு முறை. பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். வாரம் ஒரு முறை துடைத்தால் இந்தத் தொல்லையே வராது. திரவத்தைத் திரையில் நேராகத் தெளிக்கவே கூடாது. வழிந்து அந்தப் பள்ளத்தில்தான் இறங்கும். துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள்.

போர்டை நடுவில் வைத்து இரு பக்கமும் தள்ளும் பச்சை போர்டு அமைத்துத் தருகிறோம் என்று ஒரு ஏற்பாடு விற்கப்படுகிறது. பார்க்க அழகு. ஆனால் சாக்பீஸ் போர்டைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் தூள் நேராக ஐ.ஆர். சட்டத்தில் கொட்டும். தள்ளும் பலகை வேண்டும் என்றால் மார்க்கரால் எழுதும் வெள்ளைப் பலகையாகக் கேளுங்கள். கரும்பலகையை விட மனமில்லாத கணக்கு சாருக்கு, பக்கத்துச் சுவரில் தனியாக ஒன்று இருக்கட்டும். அது தேவையும்கூட. கரண்ட் போனால் பாடம் நிற்கக் கூடாது.

தூளைப் போலவே வெயிலும் இந்த வலையைக் குழப்பும், ஏனென்றால் வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது. மேற்கு ஜன்னல் வழியே மாலை வெயில் சட்டத்தின் மேல் நேராக விழும் அறையில் மூன்று மணிக்கு மேல் டச் தடுமாறும். பத்து மணிக்குச் சரியாக இருந்தது, மூன்று மணிக்குக் கெட்டுப்போனது என்றால் பழுது தேடாதீர்கள், திரைச்சீலை போடுங்கள். புடவைத் தலைப்பு உரசுவது, ஈசல், பல்லி ஊர்வது எல்லாமே தொடுதலாகப் பதியும்.

கரண்ட்

நம் ஊர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். ஏப்ரலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். இந்த வகைப் போர்டுகளின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை பெரும்பாலும் 40 டிகிரியோடு முடிகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை வெளியைவிடச் சூடாக இருக்கும். அந்த அறையில் மாட்டாதீர்கள். மாட்டியே ஆக வேண்டும் என்றால் கீழே பொய்க்கூரை போட்டு, போர்டுக்குப் பின்னாலும் மேலேயும் பத்து சென்டிமீட்டர் காற்றோட்டம் விடுங்கள்.

எர்த் பார்க்காமல் போர்டு இறக்கக் கூடாது. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 5ஐத் தாண்டினால் குழியைக் கவனியுங்கள். கோடையில் எர்த் குழி காய்ந்துவிடும். கரியும் உப்பும் போட்ட குழியில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் பழைய வழக்கத்துக்குக் காரணம் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். எர்த் இல்லாத பிளக்கில் ஓடும் போர்டின் உலோகச் சட்டத்தைத் தொட்டால் பிள்ளைகளுக்குச் சுருக்கென்று அடிக்கும். அப்புறம் அவர்கள் போர்டுக்குப் பக்கத்தில் வரவே பயப்படுவார்கள்.

75 அங்குல போர்டு சாதாரணமாக 200 வாட் அளவு இழுக்கும், ஓ.பி.எஸ். போட்டால் இன்னும் ஐம்பது, அறுபது. 1 கே.வி.ஏ. யு.பி.எஸ். போதும், கால் மணி நேரம் தாங்கும். எழுதியதைச் சேமித்து ஒழுங்காக அணைக்க அது போதுமான நேரம். பள்ளியில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அது சைன் வேவ் ரகமா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் மின்விசிறிக்கு ஓடும், இதற்குக் கொடுக்கக் கூடாது. மாலை இடிமழைக் காலத்தில், பள்ளி விட்டதும் பிளக்கோடு நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் கரண்ட் வயர் வழியாக மட்டும் அல்ல, அந்தக் கேபிள் வழியாகவும் வரும்.

உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்

ஆண்ட்ராய்டு மட்டும் போதுமா, ஓ.பி.எஸ். வேண்டுமா? எட்டாம் வகுப்பு வரை ஆண்ட்ராய்டு போதும். 8 ஜி.பி. ராம் உள்ளதைக் கேளுங்கள். 4 ஜி.பி.யில் வீடியோவும் எழுதும் ஆப்பும் ஒன்றாகத் திறந்தால் திணறும். கூகுளின் இ.டி.எல்.ஏ. சான்று உள்ளதா என்றும் எழுத்தில் கேளுங்கள். அது இல்லாத போர்டில் முறையான பிளே ஸ்டோர் இருக்காது. பின்னாளில் ஒரு கல்வி ஆப் இறக்க எங்கெங்கோ தேட வேண்டி வரும். மேல்நிலை வகுப்புகளுக்கு ஓ.பி.எஸ். நல்லது. விண்டோஸ் உரிமம் பில்லில் தனி வரியாக இருக்கட்டும். ஓ.பி.எஸ்.ஸைக் கழற்றுவதாக இருந்தால் போர்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும்.

லேப்டாப்பை இணைப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை: 'படம் வருது, தொட்டா ஒண்ணும் ஆகல.' எச்.டி.எம்.ஐ. படத்தையும் ஒலியையும் மட்டும்தான் கொண்டுபோகும். தொடுதல் திரும்பி வருவதற்குப் போர்டின் சதுர யு.எஸ்.பி. துளையிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு கேபிள் வேண்டும். அது 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்த இரண்டு கேபிளையும் ஒன்றாகச் சுற்றிக் கட்டி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

அடுத்தது தமிழ் எழுத்துரு. பள்ளிகளில் வருடக்கணக்காகச் சேர்ந்த வினாத்தாள்களும் குறிப்புகளும் பாமினியிலோ வானவில்லிலோ தட்டச்சு செய்தவை. அவை எல்லாக் கருவியிலும் தமிழாகத் தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடு அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தி வைத்த எழுத்துருக்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருப்பதால் தமிழாகத் தெரியும். பென்டிரைவில் போட்டுப் போர்டில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாக வரும். பிள்ளைகளுக்கு முன்னால் இப்படி ஆனதும், இந்தப் போர்டில் தமிழ் வராது என்று முடிவு கட்டி டீச்சர் திரும்பி வரமாட்டார். வழி சுலபம். ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே கோப்பைத் திறந்து பி.டி.எப். ஆகச் சேமித்து, அதைக் கொண்டுவாருங்கள். எழுத்துரு பி.டி.எப்.புக்குள்ளேயே பதிந்து வரும், போர்டில் அப்படியே தெரியும். புதிதாகத் தட்டச்சு செய்வதை இனி யூனிகோடில் செய்யுங்கள். டைப்பிஸ்ட் பழகிய விசைப்பலகையை மாற்ற வேண்டியதில்லை. பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோடு அடிக்க மென்பொருள் இருக்கிறது.

பாடப்பொருளுக்குப் பணம் வேண்டாம்

விலைப்புள்ளியில் ஆண்டுச் சந்தாவாக ஒரு 'கன்டென்ட்' தொகை இருக்கும். மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளி அதைத் தயங்காமல் அடித்துவிடலாம். தமிழ்நாடு பாடநூல்கள் பி.டி.எப்.பாக இலவசம். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடு இருக்கிறது, திக்ஷா ஆப்பில் திறக்கலாம். 2023 ஜூலையில் பள்ளிக்கல்வித் துறை வெளியிட்ட மணற்கேணி செயலியில் பாடத்தோடு ஒட்டிய காணொளிகள் உள்ளன. சமச்சீர்க் கல்வி வந்த பிறகு மெட்ரிக் பள்ளிக்கும் அதே பாடத்திட்டம்தான் என்பதால் அவர்களுக்கும் இது பொருந்தும்.

அறிவியலுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) சிமுலேஷன்களை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளைச் சொல்லாமல் விட முடியாது. தமிழில் மொழிபெயர்த்தவையும் உண்டு. ஒவ்வொன்றும் ஒரே கோப்பாக இறங்கும், இன்டர்நெட் இல்லாமல் ஓடும். மின்சுற்றுப் பாடத்தில் பல்பையும் பேட்டரியையும் பிள்ளையே இழுத்து இணைத்து, வயர் விட்டுப்போனால் பல்பு அணைவதைப் பார்ப்பது, இந்தப் போர்டு வாங்கியதற்கான முழுப் பலனையும் தரும் ஐந்து நிமிடம். கணக்குக்கு, வடிவங்களை வரைந்து அசைத்துப் பார்க்கும் ஜியோஜீப்ரா மென்பொருள். இவை ஓடும் போர்டில் வீடியோ நேரம் தானாகக் குறையும், குறையவும் வேண்டும். வீடியோவை மட்டும் ஓட்டுவதற்கு டச் திரை எதற்கு?

புதிய போர்டுகளில் செயற்கை அறிவு வசதிகளும் விலையில் சேர்ந்து வருகின்றன. அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். 2025 ஜனவரி 28 அன்று வத்திக்கான் வெளியிட்ட 'அந்திக்குவா எத் நோவா' குறிப்பு, ஆசிரியர் நேரில் நிற்பதால் வகுப்பில் உருவாகும் உறவைச் செயற்கை அறிவால் உண்டாக்க முடியாது என்று சொல்கிறது. கத்தோலிக்கப் பள்ளி தன் பணத்தை எங்கே போட வேண்டும் என்பதற்கு அது தெளிவான வழி. ஆகவே டீச்சர் பயிற்சிக்குப் போடுங்கள். போர்டு இறங்கிய அன்று எல்லோரையும் உட்காரவைத்து இரண்டு மணி நேரம் காட்டும் டெமோவைப் பயிற்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. வாரம் ஒரு மணி நேரம், ஆறு வாரம், ஒவ்வொரு டீச்சரும் தானே போர்டில் நின்று செய்ய வேண்டும். ஐந்து வேலை போதும்: எழுதி அழிப்பது, பி.டி.எப்.பில் ஒரு பகுதியை வெட்டி எழுதும் பக்கத்தில் ஒட்டுவது, பெரிதாக்குவது, எழுதியதைப் பென்டிரைவில் சேமிப்பது, எச்.டி.எம்.ஐ.க்கு மாறித் திரும்புவது. நாற்பது நிமிடப் பீரியடில் போர்டு எழுந்திருக்கும் வரை காத்திருப்பது வீண். முதல் பீரியடுக்கு முன்பே ஒருவர் போட்டு வைக்கட்டும், இடையில் ஸ்டாண்ட்பையில் விட்டால் போதும்.

இன்டர்நெட்டுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. ஒன்றரை அடி கனமுள்ள மிஷன் சுவரைத் தாண்டி வைபை வராது. ஆபீஸ் அறை ரவுட்டரை நம்பாமல் கேட்6 கேபிள் இழுத்து, வகுப்புக்கு அருகே ஒரு ஆக்சஸ் பாயின்ட் வையுங்கள். ஒரு இழுப்பு 100 மீட்டருக்குள்.

பாஸ்வேர்டு யாரிடம்?

நம் பள்ளிகளுக்கே உரிய சிக்கல் இது. தாளாளர் ஃபாதருக்கும் எச்.எம். சிஸ்டருக்கும் மாற்றல் உண்டு, பெரும்பாலும் கல்வியாண்டு தொடங்குவதற்கு முன், கோடை விடுமுறையில். போர்டு வாங்கியபோது அவசரத்தில் ஃபாதரின் சொந்த ஜிமெயிலிலும் அவர் போன் எண்ணிலும் பதிந்திருப்பார்கள். அவர் வேறு பங்குக்குப் போன பிறகு, போர்டு ஏதோ காரணத்தால் ரீசெட் ஆனால் ஓ.டி.பி. அவர் போனுக்குப் போகும். அவர் அதற்குள் எண்ணையும் மாற்றியிருக்கலாம். வாரண்டி பதிவு, வைபை, போர்டின் அட்மின் பின் எண், எல்லாமே இதே கதிதான். போர்டு கெடாமலே பூட்டிக் கிடக்கும்.

ஆகவே போர்டு வருவதற்கு முன் இதை முடியுங்கள். பள்ளியின் பெயரில் ஒரு டொமைன், அதில் 'கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷன்' அடிப்படைத் திட்டம். தகுதியுள்ள பள்ளிக்கு அது இலவசம். அட்மின் கணக்கு 'தாளாளர்' என்ற பொறுப்பின் பெயரில் இருக்கட்டும், ஆள் பெயரில் வேண்டாம். ஓ.டி.பி.க்கு ஆபீசில் நிரந்தரமாக இருக்கும் ஒரு சிம். இரண்டாவது அட்மினாக மாற்றல் இல்லாத மூத்த ஆசிரியர் ஒருவர். போர்டின் வரிசை எண், வாங்கிய தேதி, வாரண்டி முடியும் நாள், பின் எண்கள் எல்லாம் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் இருக்கட்டும். பொறுப்பு ஒப்படைக்கும் நாளில் சாவிக்கொத்தோடும் கணக்குப் புத்தகத்தோடும் அந்த நோட்டும் கைமாற வேண்டும். புதியவர் அன்றே பாஸ்வேர்டுகளை மாற்றட்டும்.

டீச்சர்கள் சொந்தக் கணக்கில் போர்டில் நுழைந்து, வெளியேற மறந்துவிடுவதும் நடக்கிறது. அடுத்த பீரியடில் அவர்களின் குடும்பப் படங்களும் வாட்ஸ்அப்பும் வகுப்பு முழுக்கத் தெரியும். சொந்தக் கணக்கு போர்டில் கூடவே கூடாது. போனில் இருந்து திரைக்கு அனுப்பும் வசதிக்கு ஒவ்வொரு முறையும் பின் கேட்கும்படி அமையுங்கள், இல்லாவிட்டால் வைபையில் உள்ள யார் வேண்டுமானாலும் எதையும் அனுப்பலாம். பிள்ளைகள் பெயரில் ஆப் கணக்குத் திறக்கச் சொல்லும் விற்பனையாளரிடம் நிதானியுங்கள். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர் எல்லோருமே குழந்தைகள், பெற்றோர் சம்மதம் வேண்டும். ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்கும் பங்குக் கூட்டத்துக்கும் போர்டைத் தாராளமாகத் தரலாம், விருந்தினர் கணக்கில்.

நன்கொடை, சர்வீஸ்

உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசுடையது. கட்டடமும் கருவியும் பெரும்பாலும் நிர்வாகத்தின் தலையில்தான். ஆகவே போர்டு பெரும்பாலும் முன்னாள் மாணவர் தயவில், ஜூபிலி ஆண்டில் வரும். போர்டு கொடுக்க ஆள் கிடைக்கும், பேட்டரி கொடுக்க ஆள் கிடைக்க மாட்டார்கள். யு.பி.எஸ். பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். நன்கொடை கேட்கும்போதே போர்டு, எர்த், யு.பி.எஸ்., ஐந்து வருடப் பராமரிப்பு நான்கையும் ஒரே தொகையாகக் கேளுங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட முன்னாள் மாணவர் கொடுப்பது, பணமாக இருந்தாலும் பொருளாக இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடை. எப்.சி.ஆர்.ஏ. என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத பள்ளி வாங்கக் கூடாது. பதிவுள்ள இன்னொரு அமைப்பு வாங்கிப் பள்ளிக்கு மாற்றித் தருவதையும் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வளைகுடாவில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பில் இருந்து வங்கி வழியாக அனுப்புவதற்கு இந்தத் தடை இல்லை.

சர்வீஸ் ஒப்பந்தத்தில் மூன்று வரி இருக்க வேண்டும். வாரண்டி பள்ளிக்கு வந்து சரிசெய்வதா, கொண்டுபோய்க் கொடுப்பதா? ஐம்பது கிலோ கண்ணாடியைச் சென்னைக்கு 140 கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு போக முடியாது. இன்ஜினியர் வேலூரில் இருக்கிறாரா, சென்னையிலிருந்து வர வேண்டுமா, எத்தனை வேலை நாளில் வருவார்? டச் சட்டமும் பவர் போர்டும் தனி உதிரியாகக் கிடைக்குமா, எத்தனை வருடம் வரை? மூன்றாவதற்குப் பதில் சொல்லத் தயங்கும் கடையை விட்டுவிடுங்கள்.

சின்னப் பள்ளிக்கு

முப்பது நாற்பது பிள்ளைகள் படிக்கும் கிராமத்து ஆர்.சி.எம். தொடக்கப் பள்ளிக்கு இந்தப் போர்டைச் சிபாரிசு செய்ய மாட்டோம். 55 அங்குல டி.வி.யின் உயரம் 68 சென்டிமீட்டர், நான்கு மீட்டர் வரை வாசிக்கலாம். பிள்ளைகள் பாயில் அரை வட்டமாக உட்கார்ந்தால் எல்லோரும் அதற்குள் அடங்கிவிடுவார்கள். டி.வி., ஒரு பழைய லேப்டாப், இறக்கி வைத்த பாடநூல்களும் பெட் கோப்புகளும், ஒரு கம்பியில்லா மவுஸ். மவுஸ் கை மாறிக்கொண்டே போகட்டும். மொத்தச் செலவு போர்டு விலையில் சிறு பகுதிதான். கெட்டுப்போனால் ஆரணியிலோ போளூரிலோ உள்ள டி.வி. மெக்கானிக்கே பார்த்துவிடுவார். அதற்கும் யு.பி.எஸ்.ஸும் எர்த்தும் வேண்டும். மாட்டிய அன்றே, பாயின் கடைசி மூலையில் உட்காரும் பிள்ளையிடம் 'க்' எழுதிக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.